வாகனக் கேள்வி பதில்: கியர்பாக்ஸைப் பிரிப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் குடும்பத்தின் முதல் காராக, 2017ஆம் ஆண்டுத் தயாரிப்பான 1.2 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறோம். கியர்பாக்ஸ் சிவிடி வகை, அதாவது தனித்தனிக் கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக். வாங்கும்போது 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கிடைக்கும் என்று கம்பெனி விளம்பரம் சொல்கிறது. நானோ குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு அலுவலகம் போய்வருவதில் பத்தரைக்கு மேல் பார்த்ததில்லை. வேலூருக்குச் சென்று திரும்பியபோது மட்டும் 15 கிடைத்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் எஞ்சின் சத்தம்தான் கூடுகிறது, வேகம் பிறகுதான் வருகிறது. ஒரு மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார். மற்றொருவர் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தால் போதும் என்கிறார். முந்தைய உரிமையாளர் 175/65 ஆர்14 டயருக்குப் பதிலாக 185/65 ஆர்15 டயரும் அலாய் வீலும் போட்டிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: வேலூர்ப் பயணத்தில் கிடைத்த 15. கியர்பாக்ஸ் உள்ளே வழுக்குகிறது என்றால், அது வெளியூர் நெடுஞ்சாலையில் ஒழுங்காகவும், நீங்கள் தினமும் போகும் நெரிசலான ஜிஎஸ்டி சாலையில் மட்டும் மோசமாகவும் நடந்துகொள்ளாது. நகரத்துக்குள் மட்டும் மைலேஜ் விழுகிறது என்றால், கியர்பாக்ஸைச் சந்தேகிப்பதற்கு முன்பு விசாரிக்க வேண்டியவை வேறு சில உண்டு.

முதலில் அந்த 19 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் விளம்பரப்படுத்தப்படும் மைலேஜ், காரை ஆய்வகத்தில் உருளைகளின் மீது நிறுத்தி, வகுத்து வைத்த ஓட்டச் சுழற்சி ஒன்றின்படி, ஏசியை அணைத்து வைத்து அளந்த கணக்கு. அந்தச் சுழற்சியின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று வீசுவதில்லை, மேம்பாலம் ஏற வேண்டியதில்லை, பல்லாவரம் சிக்னலும் இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும். உங்கள் அளவிலுள்ள சிவிடி கார் ஒன்று, ஏசியோடு சென்னை நெரிசலில் 11 முதல் 13 வரை கொடுத்தால் அது ஆரோக்கியமாக இருக்கிறது என்றே நான் கருதுவேன். ஆகவே நீங்கள் தேட வேண்டியது காணாமல் போன எட்டரைக் கிலோமீட்டரை அல்ல, ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டரைத்தான்.

அதிலும் ஒரு பகுதி காணாமலே போகவில்லை. பழைய அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். இப்போது காரில் இருக்கும் டயரின் விட்டம் 621 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் ஆறரை சதவீதம். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்தே ஓடோமீட்டர் தூரத்தைக் கணக்கிடுவதால், கார் 106 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தாலும் அது 100 என்றுதான் காட்டும். உங்கள் பத்தரை உண்மையில் 11.2, வேலூரின் 15 உண்மையில் 16. இதே டயர்தான் பிக்கப் குறைந்ததற்கும் ஒரு காரணம்: சக்கரம் பெரிதானால் நின்ற இடத்திலிருந்து காரை இழுக்க எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும், அலாய் வீலும் டயரும் பழையவற்றைவிட எடை கூடியவையாக இருந்தால் அந்தச் சுமையும் சேரும். ஸ்பீடோமீட்டரும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும் என்பதால், வேகக் கேமரா உள்ள சாலைகளில் சற்றுக் கவனமாக இருங்கள்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. எத்தனாலில் இருக்கும் ஆற்றல், அதே அளவு பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2017இல் வந்த கார்கள் ஈ20க்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து ஈ10க்கு ஏற்ப சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் ஈ20 போட்டால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டிருந்தது. டயர் கணக்கைத் திருத்தி, இந்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் கார் பழைய பெட்ரோலில் நகரத்துக்குள் 12 கொடுத்திருக்கும். எட்டு வயதைத் தாண்டிய காருக்கு அது குறைவே அல்ல. பெட்ரோலை மெக்கானிக்கால் மாற்ற முடியாது என்பதால்தானோ என்னவோ, மதிப்பீட்டுத் தாள்களில் இந்தக் காரணத்தை நான் கண்டதே இல்லை.

மூன்றாவது, நின்றுகொண்டே எரிக்கும் பெட்ரோல். இந்த அளவு எஞ்சின் ஏசியோடு சும்மா நின்றால் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். குரோம்பேட்டையிலிருந்து கிண்டி வரை 11 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது லிட்டருக்கு 14 கொடுக்கிற கார் அந்தத் தூரத்துக்குச் சுமார் 0.79 லிட்டர் செலவிடும்; வழியில் மொத்தமாகக் கால் மணி நேரம் நின்றால் இன்னும் 0.2 லிட்டருக்கு மேல் ஆகும். ஆக ஒரு லிட்டரில் 11 கிலோமீட்டர். காரில் எந்தப் பழுதும் இல்லாமலே 14 என்பது 11 ஆகிவிட்டது. அலுவலகத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப முடிந்தால், இன்ஜெக்டர் சுத்தம் செய்வதைவிட அது அதிகம் மிச்சம் பிடித்துத் தரும்.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படை உங்கள் அளவு சரியாக இருப்பது. டேஷ்போர்டு திரை காட்டும் சராசரியைப் பார்த்து எழுதியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அது சற்றுத் தாராளமாகவே காட்டும். ஒரு பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, முந்நூறு நானூறு கிலோமீட்டராவது ஓட்டிய பிறகு, அதே பங்கில் அதே விதமாக மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை 1.066ஆல் பெருக்கி, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். குழாய் நின்ற பிறகு, பில்லை முழு ரூபாய்க்குக் கொண்டுவருவதற்காக இன்னும் கொஞ்சம் ஊற்றச் சம்மதிக்காதீர்கள்; கணக்கு கெடுவதே பெரும்பாலும் அங்கேதான்.

இனி நீங்கள் சொல்லும் சத்தத்துக்கு வருவோம். சிவிடியில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று தனித்தனிப் பற்சக்கரங்கள் இல்லை. அகலம் மாறக்கூடிய இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பெல்ட் ஓடுகிறது. கப்பிகள் விரிவதும் நெருங்குவதுமாகக் கியர் விகிதம் இடைவெளியே இல்லாமல் மாறிக்கொண்டிருக்கும். நீங்கள் ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்தினால், கணினி முதலில் எஞ்சினை அதிகச் சக்தி தரும் சுற்றுக்கு உயர்த்தி, அதே சுற்றில் நிறுத்தி வைத்துக்கொண்டு, விகிதத்தை மாற்றி மாற்றி வேகத்தைக் கூட்டும். சத்தம் முன்னே போக, வேகம் பின்னே வருவது போலத் தோன்றுவது இதனால்தான். மேனுவல் காரை ஓட்டிப் பழகியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதல் மாதத்தில் சொல்லும் புகார் இது. அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, அரை நொடி பொறுத்துப் பாருங்கள். அதே வேகம் குறைந்த சத்தத்தில் வரும், பெட்ரோலும் மிஞ்சும். கியர் லீவர் 'எஸ்' (ஸ்போர்ட்) நிலையில் இல்லாமல் 'டி' (டிரைவ்) நிலையில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல் 'எஸ்' நிலையிலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையான வழுக்கல் வேறு மாதிரி இருக்கும். போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் மிதமாக, ஒரே அழுத்தத்தில் வேகம் எடுங்கள். ஆர்பிஎம் முள் ஓரிடத்துக்கு ஏறி நின்று, வேகம் சீராகக் கூடினால் அது இயல்பு. முள் திடீரென்று துள்ளி மேலே போய், கார் முன்னேறாமல், பிறகு ஓர் உதறலோடு இறங்கினால், அல்லது உறுமல் போன்ற சத்தம் வேகத்தோடு சேர்ந்து கூடினால், அப்போது கியர்பாக்ஸைச் சந்தேகிக்கலாம். உங்கள் கார் டார்க் கன்வெர்ட்டரோடு (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கருவி) வரும் சிவிடியாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டரில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் ஓடும்போது, பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இலேசாகத் தொடுங்கள். ஆர்பிஎம் சற்று உயர்ந்து, பிரேக்கை விட்டதும் பழைய இடத்துக்கு இறங்கினால், சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் வேலை செய்கிறது என்று பொருள். அது வேலை செய்யாத கார் நெடுஞ்சாலையிலும் பெட்ரோலை வீணடிக்கும். உங்கள் வேலூர்க் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

ஆனாலும் ஒரு செலவை நான் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். அது கியர்பாக்ஸ் ஆயில். பழைய சர்வீஸ் பில்களில் அது மாற்றப்பட்டதற்கான குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பில் இல்லையென்றால், பதிவு எண்ணைக் கொடுத்தால் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களில் பழைய பதிவுகளைப் பார்த்துச் சொல்லக்கூடும். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் ஓடும் சிவிடிக்கு நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு முறை ஆயில் மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. உங்கள் காரின் கையேடு அதற்கும் முன்பாகவே மாற்றச் சொன்னால் கையேட்டைத்தான் பின்பற்ற வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் காருக்கென்று குறிப்பிட்ட சிவிடி ஆயிலே ஊற்றப்பட வேண்டும் என்பது. எஃகுப் பெல்ட்டும் கப்பியும் உராய்வை நம்பி வேலை செய்பவை. சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றினால் அந்த உராய்வின் தன்மையே மாறி, நல்ல கியர்பாக்ஸும் கெட்டுப்போகும். டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஒருமுறை வடித்தால் உள்ளிருக்கும் ஆயில் முழுவதும் வெளியே வராது என்பதால், சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி ஒருமுறை வடித்து ஊற்றலாம். வடிகால் ஆணியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருந்தால் கவலை இல்லை. மின்னும் உலோகத் துணுக்குகள் இருந்தால் அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இன்ஜெக்டர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். காரின் கணினியிலுள்ள அளவீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, எரிபொருள் திருத்த அளவை, அதாவது கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதை, பார்க்கச் சொல்லுங்கள். நீண்டகாலத் திருத்தம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜெக்டரும் ஆக்சிஜன் சென்சாரும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அதே ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையையும் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது. இன்னும் குளிராகவே இருக்கிறது என்று எண்ணிக் கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றும். பல சிறிய கார்களில் வெப்பநிலை முள்ளே கிடையாது, நீல விளக்கு ஒன்றுதான் உண்டு. அது அணைந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறோம். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று பட்டு எஞ்சின் இன்னும் குளிர்வதால் இந்தக் கோளாறு நெடுஞ்சாலை மைலேஜைத்தான் அதிகம் கெடுக்கும். உங்களுக்கு அது பொருந்தவில்லை என்றாலும், நகரத்தில் நன்றாகக் கொடுத்து வெளியூரில் மோசமாகக் கொடுக்கும் கார் வைத்திருக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாகச் செலவில்லாத ஒரு சோதனை. வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றையும் காலையில், கார் ஓடாதபோதே அளந்து பாருங்கள். டயர் தேய்ந்து மாற்றும் வேளை வரும்போது, அலாய் வீல் மேல் ஆசை இல்லையென்றால், பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: ராசிபுரத்தில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஏஎம்டி வகைச் செகண்ட் ஹேண்ட் கார். குடும்பத்தோடு கொல்லிமலை ஏறியபோது பாதி வழியில் கருகல் நாற்றம் வந்தது. அதன் பிறகு சமதளத்திலும் இழுவை இல்லை, மைலேஜும் குறைந்துவிட்டது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சே இல்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். பிறகு எது கருகியது?
– வாசகர், ராசிபுரம்

பதில்: கிளட்ச்தான் கருகியது. உங்கள் காரில் கிளட்ச் பெடல்தான் இல்லை, கிளட்ச் உண்டு. 2014இல் மாருதி செலேரியோவோடு இந்தியச் சந்தையில் பரவத் தொடங்கிய இந்த ஏஎம்டி என்பது, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் மேல், கிளட்ச்சை மிதிப்பதற்கும் கியரை மாற்றுவதற்கும் ஒரு கருவியைப் பொருத்தியது மட்டுமே. அதனால்தான் விலையும் குறைவு, மைலேஜும் ஏறக்குறைய மேனுவலுக்கு இணை.

கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், எதிரே பேருந்து வரும்போதெல்லாம் ஏற்றத்திலேயே நிற்க நேர்ந்திருக்கும். அப்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்தியே காரைப் பின்னால் உருளாமல் பிடித்து வைத்திருந்தீர்களா? டார்க் கன்வெர்ட்டர் உள்ள காரில் அதைச் சிறிது நேரம் ஆயில் தாங்கிக்கொள்ளும். ஏஎம்டியில் கிளட்ச் தகடு பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் தேய்ந்து சூடாகிவிடும். அடுத்த முறை கைப்பிரேக்கைப் போட்டு நிறுத்தி, புறப்படும்போது விடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மேனுவல் நிலைக்கு மாற்றி முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே வைத்திருங்கள். வளைவின் நடுவில் கணினி கியரைக் கூட்டிக் குறைத்துத் தடுமாறுவதும் நின்றுவிடும்.

தேய்மானத்தை உறுதி செய்ய, மேனுவல் நிலையில் மூன்றாம் கியரில், மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டரில் சென்றுகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். கியர் எண் மாறாமலே எஞ்சின் மட்டும் உறுமி, வேகம் அதற்கு ஈடாகக் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் செட் மாற்றுவது ஒன்றே வழி. கியர்பாக்ஸின் உட்பகுதியைத் தொட வேண்டியதில்லை. மாற்றிய பிறகு ஸ்கேனர் கொண்டு, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கணினிக்குப் புதிதாகப் பதிய வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டால் புதுக் கிளட்ச்சும் உதறும், சீக்கிரமே தேயும். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணிமனையில் காரை விடுங்கள்.

கேள்வி: பத்து வயதான ஆட்டோமேட்டிக் செடான் ஒன்று விலைக்கு வருகிறது. டார்க் கன்வெர்ட்டர் வகை, நான்கு கியர். ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்கிறார் புரோக்கர்.
– வாசகர், திருச்சி

பதில்: எஞ்சின் குளிர்ந்திருக்கும் நிலையில்தான் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். கியர் தாமதமாக விழுவது, முதல் அசைவில் உதைப்பது போன்ற பல குறைகள் குளிர்ந்த நிலையில்தான் தெரியும். பிரேக்கை மிதித்தபடி 'ஆர்' (ரிவர்ஸ்) நிலைக்கும் 'டி' நிலைக்கும் மாற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு நொடிக்குள் மெதுவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 'டக்' என்று அடித்தால் விலகிக்கொள்ளுங்கள். நன்றாகச் சூடாகும் வரை, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். வேறு எந்தக் கியருக்கும் மாறாமல் ஒன்றிலேயே நின்றால் கணினி பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது என்று பொருள்.

நான்கு கியர் மட்டுமே உள்ள பழைய ஆட்டோமேட்டிக்கில் நெடுஞ்சாலை வேகத்திலும் எஞ்சின் சற்று அதிகமாகவே சுற்றும். அதே எஞ்சினின் மேனுவல் காரைவிட மைலேஜ் குறைவாகத்தான் இருக்கும். அது பழுதல்ல, வடிவமைப்பு. அதைக் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை புரோக்கர் சொல்வது, கணினி இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலந்த கார்புரேட்டர் காலத்துக்குப் பொருந்தும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இன்ஜெக்ஷன் வகைப் பெட்ரோல் எஞ்சினில் அடைபட்ட ஃபில்டர் மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை, பிக்கப்பைத்தான் குறைக்கிறது என்று கண்டது. உள்ளே வரும் காற்றுக்குத் தக்கபடி கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுவதே காரணம். ஃபில்டரை மாற்றுங்கள், அதற்காக விலையில் ஒரு ரூபாயும் கூட்டிக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் காரை இறக்கத்தில் 'என்' (நியூட்ரல்) நிலைக்கு மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகுமா?
– வாசகர், மதுரை

பதில்: ஆகாது. 'டி' நிலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுற்ற வைப்பதால், கணினி இன்ஜெக்டரை முழுவதுமாக நிறுத்திவிடும். 'என்' நிலையில் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க அது பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். எஞ்சின் பிரேக்கும் இல்லாமல் போவதால் இறக்கம் முழுவதையும் பிரேக் கட்டையே தாங்க வேண்டி வரும். மலைப்பாதையில் இந்தப் பழக்கம் மிக ஆபத்தானது. நீண்ட சிக்னலில் நிற்கும்போது 'என்' நிலைக்கு மாற்றிக் கைப்பிரேக் போடுவது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.